ஆறிடுச்சா?

அந்தக் கொட்டகையில் ரத்தத்துக்குத்தான் லீவு, அலுப்புக்குக் கிடையாது.

கண்ணாடி கீறிக் கை பிளந்தால் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். காயம் ஆறுகிற வரைக்கும் வீட்டில் இருக்கலாம், சம்பளம் பிடிக்க மாட்டார்கள். இடுப்பு விட்டுப்போகிறது, கண் இருட்டுகிறது, விடிந்தால் இன்னொரு நாளா என்று அழுகை வருகிறது என்று போய் நின்றால், "எனக்கும் அப்படித்தான் வருது. போய் வேலையைப் பாரு" என்பார் சூப்பர்வைசர் அந்தோணிராசு. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் நிஜமாகவே அப்படித்தான் வந்தது.

சாயல்குடிக்கு மேற்கே, சீமைக் கருவேலங்காட்டை அழித்துப் போட்ட தகரக் கொட்டகை. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் மிளகாய் விளைந்த புஞ்சைகளில் எல்லாம் சோலார் தகடு நட்டார்கள். நட்டது எல்லாம் இப்போது கிழடு தட்டி, லாரி லாரியாக இங்கே வந்து இறங்குகிறது. சட்டத்தைக் கழற்ற வேண்டும், கண்ணாடியைப் பெயர்க்க வேண்டும், அடியில் நரம்பு மாதிரி ஓடுகிற வெள்ளிக் கோட்டை உரித்து எடுக்க வேண்டும். மேசைக்கு நாலு பெண்கள். சந்தனமாரியின் மேசையில் அவளோடு முத்திருளாயி, பஞ்சவர்ணம், ராக்கு.

அங்கே 'முறை' என்று ஒன்று இருந்தது. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தி இனித் தாங்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டால் மற்ற மூன்று பேரும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். கண்ணாடி கைமாறும்போது லேசாகச் சாயும். பார்க்கப் பயங்கரமாக, ஆனால் ஆழமில்லாமல், முழங்கைக்குக் கீழே சதைப்பற்றில் ஒரு கீறல் விழும். வாங்கிக்கொண்டவள் "ஐயோ" என்பாள். அந்த ஐயோவில் பாதி நிம்மதி. பஞ்சவர்ணம்தான் இதில் கைகாரி.

"என் கை ராசியான கைடி. டாக்டருக்குப் படிச்சிருந்தா ஊரையே பொழைக்க வச்சிருப்பேன்" என்பாள்.

"நல்லவேளை படிக்கல. ஊரு தப்பிச்சுச்சு" என்பாள் முத்திருளாயி. சொல்லிவிட்டுக் கொட்டகை அதிரச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் கடைசி மேசையில் இருப்பவர்களும் சாப்பாட்டு வேளை வந்துவிட்டதென்று எழுந்திருப்பார்கள்.

பிறகுதான் தோல் வந்தது.

கம்பெனி வைத்த பெயர் வேறு ஏதோ. பெண்கள் முதல் நாளே அதைத் தோல் என்று சொல்லிவிட்டார்கள். மீனின் வயிற்றுப்பக்கம் மாதிரி வெளுத்து, முழங்கைக்கு மேல் வரை ஏறுகிற மெல்லிய உறை. காட்ட வந்த ஆள் அதைத் தன் கையில் மாட்டிக்கொண்டு உடைந்த கண்ணாடியால் ஓர் இழுப்பு இழுத்தான். உறை வாய் பிளந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி இரண்டு ஓரமும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டன. கீறின அடையாளமே இல்லை.

"தானா ஒட்டிக்கிடும். தைக்க வேண்டாம், மாத்த வேண்டாம்" என்றார் அந்தோணிராசு, தானே கண்டுபிடித்தவர் போல.

"சார், இதுல எனக்கு ரெண்டு ரவிக்கை தைச்சுக் குடுங்க சார். கொக்கி வைக்கிற இடத்துலயே கிழியுது" என்றாள் பஞ்சவர்ணம்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. முத்திருளாயிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மேசைக்கு ஒரு பெட்டியும் வைத்தார்கள். தோலில் கீறல் விழுந்தால் கையை அதற்குள் விட வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், நம்மூர்ப் பேச்சிலேயே, "ஆறிடுச்சா?" என்று கேட்கும். "ஆறிடுச்சு" என்று சொன்னால் பச்சை விளக்கு எரியும், வேலையைத் தொடரலாம். ஆறலை என்று பொய் சொன்னால் தோலைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கும். ஆறாமல் தோல் கெட்டுப்போயிருந்தால் சிவப்பு எரியும். வேறு தோல் டவுனிலிருந்து வந்து சேரும் வரைக்கும் அந்த ஆள் வீட்டில் இருக்கலாம்.

சிவப்பு எரிந்து யாரும் பார்த்ததில்லை.

காயம் நின்றுபோயிற்று. காயத்தோடு லீவும் நின்றுபோயிற்று. முறை என்ற சொல்லையே வாயில் போட்டு மெல்ல ஆளில்லாமல் போனது. கொட்டகை வாசலில், விபத்து இல்லாத கொட்டகை என்று பலகை தொங்கவிட்டு, அதற்கு மாலையும் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஹேமாவதி வந்தார். சென்னையில் வேலையாட்களின் உடம்பையும் மனசையும் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். வேலை மனிதரை எப்படித் தின்று தீர்க்கிறது, தோல் வந்தபிறகு அது குறைந்திருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனியே அழைத்திருந்தது. ஒவ்வொருவரையும் எதிரில் உட்காரவைத்து, நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கிற ஒரு மிஷினைக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்பார்.

"காலையில எழுந்ததும் என்ன தோணும்மா?"

"எந்திரிக்கக் கூடாதுன்னு தோணும் டாக்டரம்மா. அதுக்கு மாத்திரை இருக்கா?" என்றாள் பஞ்சவர்ணம்.

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபின் முகம் மாறிப்போய் எழுதிக்கொண்டார்.

சந்தனமாரியின் நெற்றியில் மிஷினைக் காட்டியபோது புருவம் சுருங்கிற்று. உதறிவிட்டு மறுபடி காட்டினார். "எல்லாருக்கும் குறைச்சுக் காட்டுது. இது ரிப்பேர் போல" என்று மேசைமேல் போட்டார்.

அது ரிப்பேர் இல்லை.

சித்திரை வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. முன்னெல்லாம் சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்து நிழலுக்கு இடம் பிடிக்க ஓடுவார்கள். இப்போது ஒவ்வொருத்தியாக வெயிலில் போய் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. டீக்காரர் மட்டும், "என்னத்தா, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறீக, தொண்டையில தகரம் அடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

முத்திருளாயிக்கு இன்னும் மோசம். மேசையில் கண்ணாடி பெயர்க்கிறவள் அவள்தான். அவள் தோல்தான் நாளெல்லாம் கிழிந்து ஒட்டும். வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார். ராத்திரி அவர் கூப்பிட்ட நேரமெல்லாம் எழுந்தாக வேண்டும். இப்போது அவள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வேலை செய்தாள். சிரிப்பு எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு வேளை வந்ததே தெரியாமல் எட்டு மேசைக்காரர்களும் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சந்தனமாரிக்கு உறைத்தது.

"என்ன மதினி செய்யுது?"

"ஒண்ணும் செய்யல மதினி. அதான் பயமா இருக்கு. வலிச்சாக்கூடத் தேவலை." முத்திருளாயி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "ஒரே ஒரு நா முழுசாத் தூங்கணும். செத்த மாதிரி இல்ல. பச்சப்பிள்ள மாதிரி."

சந்தனமாரி போய் அந்தோணிராசிடம் நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "காய்ச்சல் இருக்கா? இல்ல. காயம் இருக்கா? இல்ல. நான் என்னன்னு எழுதட்டும், நீயே சொல்லு."

அன்று சாயங்காலம், கைகால் கழுவுகிற தொட்டி அருகே, சந்தனமாரிதான் அந்தச் சொல்லை மறுபடி எடுத்தாள்.

"மதினிக்கு முறை வைக்கணும்."

"எப்படி? ரத்தம்தான் வரமாட்டேங்குதே" என்றாள் ராக்கு.

"ரத்தம் வேணாம். சிவப்பு லைட்டு எரிஞ்சாப் போதும். என்ன இருந்தாலும் ரப்பருதான? எத்தனை தடவைதான் ஒட்டும்? விடாம கிழிச்சுக்கிட்டே இருந்தா ஒரு நேரத்துல சலிச்சுப்போயி விட்டுரும். மனுசனே விட்டுடுறான்."

பஞ்சவர்ணம் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ராசியான கை துருப்பிடிச்சுக் கெடக்கு. சரி, பார்ப்போம்."

மறுநாள் சாப்பாட்டு வேளை முடிந்ததும், அந்தோணிராசு லாரிப் பக்கம் போன நேரத்தில் தொடங்கினார்கள். முத்திருளாயியைக் கவிழ்த்துப்போட்ட ஒரு மரப்பெட்டிமேல் உட்காரவைத்தார்கள். அவள் வலது கையை மேசைமேல் நீட்டினாள், வளையல்காரரிடம் நீட்டுவது போல.

"பாத்து வைடி. பச்சை வளையலா வேணும்" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு ஒரு கேலி. மூன்று பேருக்கும் மனசு நிறைந்துபோயிற்று.

பஞ்சவர்ணம் கிழித்தாள். ஒட்டியது. "ஆறிடுச்சா?" என்றது பெட்டி. "ஆறிடுச்சு" என்றாள் முத்திருளாயி. ராக்கு கிழித்தாள். ஒட்டியது. சந்தனமாரி, சதையில் படாமல், உறை மட்டும் பிளக்கிற மாதிரி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். ஒட்டியது. மாற்றி மாற்றிச் செய்தார்கள். முறை அல்லவா, ஒருத்தி மட்டும் செய்யக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் ராக்குதான் முதலில் பார்த்தாள். "ஏய், மெதுவா ஒட்டுதுடி!"

ஆமாம். முதலில் கண் சிமிட்டுவதற்குள் மூடிக்கொண்ட வாய் இப்போது யோசித்து யோசித்து மூடியது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "விடுது, விடுது. இன்னும் கொஞ்சம்" என்றாள் பஞ்சவர்ணம். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்க மதினி" என்றாள் சந்தனமாரி.

"ம்" என்றாள் முத்திருளாயி. அவள் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. வெற்றிலைக் கறை என்று நினைத்தாள் சந்தனமாரி.

கடைசிக் கீறல் சந்தனமாரியுடையது. ஒட்டுவதற்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆயிற்று, ஆனாலும் ஒட்டிவிட்டது. கையைப் பெட்டிக்குள் எடுத்து வைத்தார்கள். "ஆறிடுச்சா?"

முத்திருளாயி பெட்டியைப் பார்க்கவில்லை, சந்தனமாரியைப் பார்த்தாள். "ஆறிப்போச்சு மதினி" என்றாள், மெதுவாக.

பச்சை எரிந்தது.

தலையை மேசைமேல் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு சீராக, பச்சைப்பிள்ளை மாதிரி வந்தது. அந்தோணிராசு திரும்பி வருவது தெரிந்தது. மூன்று பேரும் தகடுகளை அவளுக்கு முன்னால் மறைவாக அடுக்கிவைத்தார்கள். அவள் பங்கையும் சேர்த்துப் பெயர்த்தார்கள். சிவப்புதான் எரியவில்லை, தூக்கமாவது கிடைத்ததே. பஞ்சவர்ணம் கண்ணாடியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். "தூங்கட்டும்" என்று ராக்கு உதட்டை மட்டும் அசைத்தாள்.

டீ வந்தபோது சந்தனமாரி தோளைத் தொட்டு எழுப்பினாள்.

அந்தத் தொடுதல் அவள் கையை விட்டு அப்புறம் போகவே இல்லை. தகரம் கொதிக்கிற கொட்டகையில், பானைத் தண்ணீருக்குள் கைவிட்டது போல இருந்தது. அடித்துப் பிடித்து எல்லோரும் ஓடிவந்தார்கள். யாரோ நெஞ்சை அமுக்கினார்கள், யாரோ பாதத்தைத் தேய்த்தார்கள். கையைத் தேய்த்துவிடலாம் என்று சந்தனமாரி அந்தத் தோலை உருவி எடுத்தாள்.

தோல் சூடாக இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித் துணி மாதிரி, ஆவி பறக்காத குறையாக.

வெயில் தாங்காமல் இறந்துபோனாள் என்று எழுதினார்கள். சித்திரை மாதம், யாரும் மறுக்கவில்லை. எடுத்துப் போட்டு, சாங்கியம் எல்லாம் முடிந்து சந்தனமாரி வேலைக்குத் திரும்பியபோது டாக்டர் ஹேமாவதி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேசைமேல் அந்த நெற்றி மிஷின் இருந்தது.

"இது ரிப்பேர் இல்லம்மா" என்றார். "நான்தான் நம்பல. வேற மிஷின் வரவழைச்சும் அதையேதான் காட்டுது. உங்க எல்லாருக்கும் உடம்புச் சூடு இறங்கியிருக்கு."

சந்தனமாரி தன் புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பிளந்தது ஒட்டணும்னா அந்தத் தோலுக்குச் சூடு வேணும். முதல்ல செஞ்சவங்க, சாயங்காலம் கழட்டி ஒரு வெதுவெதுப்பான பெட்டியில வச்சு, ராத்திரி பூரா ஆற விடணும்னுதான் செஞ்சாங்க. அப்போ பகல்ல கிழிஞ்சா மறுநாள்தான் போடலாம். அது கம்பெனிக்குத் தோதுப்படல. உடனே ஒட்டணும்னு கேட்டாங்க. உடனே ஒட்டணும்னா சூடு பக்கத்துலயே இருக்கணும், இல்லையா? போட்டிருக்கிற ஆளைவிடப் பக்கத்துல எது இருக்கு?"

"வெளியிலதான் இம்புட்டு வெயில் அடிக்குதே டாக்டரம்மா. அதுல எடுத்துக்கிட வேண்டியதுதான?"

"உள்பக்கம்தான் உறிஞ்சும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஒரு கீறலுக்கு ஒரு சொட்டுச் சூடு, உடம்பு தாங்கிக்கும்னு கணக்கு. ஆனா அலுத்துப்போன உடம்பு இழந்ததைத் திரும்ப ஊறவச்சுக்காது. அதைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் தூக்கத்தையும் மனசையும் பத்திக் கேட்டுட்டு இருந்தேன்." அவர் மிஷினைக் கவிழ்த்து வைத்தார். "பெட்டி ஒவ்வொரு கீறலையும் எண்ணி வைக்குது. அன்னைக்கு அந்தம்மா கையில மட்டும் ஏன் அத்தனை கீறல்? பெட்டி தப்பா எண்ணிடுச்சுன்னு சொல்றாங்க. ஒவ்வொரு தடவையும் 'ஆறிடுச்சு'ன்னு அவங்களே சொல்லியிருக்காங்களாம்."

"கடைசியில அப்படிச் சொல்லல. ஆறிப்போச்சுன்னு சொன்னா."

"பெட்டிக்குப் புண்ணு ஆறுறது மட்டும்தாம்மா தெரியும். கஞ்சி ஆறிப்போறது தெரியாது."

சந்தனமாரி சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். சொன்னால் கொட்டகையே தங்களைக் கொலைகாரிகள் என்னும். சொல்லாவிட்டால் பெட்டி தப்பாக எண்ணிற்று என்று ஆகி, நாளைக்கு அதே இடத்தில் ராக்கு உட்கார்வாள், நாளன்னைக்கு இன்னொருத்தி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், எடுத்தாள். சொன்னாள். முறை என்றால் என்ன என்பதிலிருந்து, மெதுவாக ஒட்டியதைப் பார்த்துச் சிரித்தது வரைக்கும்.

"நாங்க அவளுக்கு லீவுதான் டாக்டரம்மா போட்டோம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு அவள் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கையின் சூடு சந்தனமாரிக்குச் சுட்டது.

"நான் எழுதறேன். பாரம் ஒருத்தி மேலயே விழுந்ததாலதான் இது நடந்துச்சுன்னு எழுதறேன். நீங்க ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கிட்ட மாதிரி, முறை வச்சு எல்லாருக்கும் ஓய்வு கொடுக்கணும்னு எழுதறேன். முறைங்கிற வார்த்தையைப் போட்டே எழுதறேன்."

எழுதினார். அதில் பொய் இல்லை. கம்பெனிக்காரர்களும் அதை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்கள். அது பின்னால் தெரிந்தது. டாக்டரின் ஆராய்ச்சி முடிந்ததென்று சொல்லிவிட்டார்கள். போகிற அன்று அவர் கொட்டகைக்குள் வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். "நல்லது நடக்கும்" என்றார். பழைய தோல்களை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் சும்மா துணிக் கையுறையோடு வேலை நடந்தது. ராக்குவுக்கு நிஜமாகவே கை கிழிந்து ரத்தம் வந்தது. லீவில் போய், கன்னத்தில் சதை போட்டுத் திரும்பி வந்தாள். மதியத்தில் மறுபடி நிழலுக்குச் சண்டை வந்தது.

ஆடி பிறந்ததும் புதுத் தோல் வந்தது.

"டாக்டரம்மா சொன்னபடியே பண்ணியாச்சு" என்றார் அந்தோணிராசு. அவர் முகத்தில் மெய்யான சந்தோஷம். "ஒருத்தி மேலயே பாரம் விழக் கூடாதுன்னு எழுதினாகல்ல? இனி விழாது. பாருங்க, தோள்ல ஒரு கொக்கி. அதுலருந்து மேசைக்கடியில ஒரு குழாய். கொட்டகையில இருக்கிற அத்தனை தோலும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்தி. ஒருத்திக்குக் கிழிஞ்சா எல்லார்கிட்டயும் இருந்து துளித்துளியா எடுத்துக்கிடும். யாருக்கும் தெரியவே தெரியாது."

"ஓய்வு?" என்றாள் சந்தனமாரி.

"அதான் யாருக்கும் ஒண்ணும் ஆகாதே. பெறகு ஓய்வு எதுக்கு?"

தோல் வந்த பையின்மேல் பெரிதாக இரண்டு எழுத்து அச்சடித்திருந்தது. சந்தனமாரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மு. றை. முறை. மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். வேறெதுவாகவும் வரவில்லை.

பஞ்சவர்ணமும் பையைப் பார்த்தாள். ரவிக்கை, கொக்கி என்று ஏதாவது சொல்வாள் என்று ராக்கு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் பேசாமல் தோலை மாட்டிக்கொண்டு கொக்கியைப் போட்டாள்.

முத்திருளாயி இடத்துக்கு ஒருத்தியைப் போட்டார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி, பேச்சியம்மாள் என்று பேர். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். சேர்ந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தாள். மழை இல்லாத ஐப்பசியில் ஒரு மத்தியானம், கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, சந்தனமாரியின் பக்கம் சாய்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. முந்தானையைப் போர்த்தியிருந்தாள்.

"அக்கா, கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீக. முடியலைன்னா இங்க முறைன்னு ஒண்ணு வைப்பீகளாமே? எங்க ஊர்லருந்து முன்னாடி வேலைக்கு வந்த ஒருத்தி சொன்னா. எனக்கு ஒரு தடவை வைங்கக்கா. ஒரே ஒரு நா தூங்கினாப் போதும்."

ராக்கு தலையைக் குனிந்துகொண்டாள். பஞ்சவர்ணத்தின் கையில் இருந்த கண்ணாடி ஒரு கணம் நின்றது. சாயவில்லை.

"அதைத்தான் தாயி கையில மாட்டியிருக்கே" என்றாள் சந்தனமாரி.

அவள் சொல்லி முடிக்கவில்லை. கொட்டகையின் ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒருத்திக்குக் கிழிந்திருக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஒரு குளிர் விரல் நுனியில் தொடங்கி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையில் வந்து நின்றது. எட்டு மேசையிலும் கைகள் ஒரே நேரத்தில் நின்றன. எல்லோரும் நிமிர்ந்து, யார் யார் என்று தேடினார்கள். தூரத்தில் முகம் தெரியாத ஒரு பெண், தப்புச் செய்தவள் போல, தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து கேட்டன: "ஆறிடுச்சா?"

சந்தனமாரி வாயைத் திறக்கவில்லை. பஞ்சவர்ணமும் திறக்கவில்லை, வேறு யாரும் திறக்கவில்லை.

பச்சை எரிந்தது.